கிரைண்டரைப் பற்றிப் பேசுங்கள்

வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் எந்தத் தலைப்பு வந்தால் பயம் என்று கேட்டுப் பாருங்கள். குடும்பம், சொந்த ஊர், சாப்பாடு, பண்டிகை எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவோம் என்பார்கள். டெக்னாலஜி என்றதும் முகம் மாறிவிடும். "நான் காமர்ஸ் குரூப் மிஸ், ரோபோ பத்தியெல்லாம் எனக்கு என்ன தெரியும்?" என்று ஒரு பெண் கேட்பாள். இன்ஜினீயரிங் படித்த பையன் வேறு மாதிரி மாட்டிக்கொள்வான். அவனுக்கு நிறையத் தெரியும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்றுதான் தெரியாது.

திருச்சியில் இந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் செவிலியர்கள்தான் அதிகம். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளும், கணவரோடு சேர்ந்துகொள்ள பிரிட்டன் போகும் பெண்களும் வருவார்கள். தொழில்நுட்பத் தலைப்பு வந்தால் இவர்களில் பெரும்பாலானோர் ஐபோனைப் பற்றிப் பேசப் பார்க்கிறார்கள், அல்லது கண்ணால் கண்டிராத ஒரு ரோபோவைப் பற்றி. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இதை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தேர்வு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் உங்களைப் பற்றிய எளிய கேள்விகள், 4 முதல் 5 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். 'நீங்கள் பயன்படுத்தும் ஒரு சாதனத்தைப் பற்றிப் பேசுங்கள்: அது என்ன, எப்படிக் கிடைத்தது, எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், ஏன் உங்களுக்கு முக்கியம்' என்கிற மாதிரி இருக்கும். குறிப்பெடுத்துக்கொள்ள ஒரு நிமிடம், பேச ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மூன்றாம் பகுதி அதே தலைப்பை ஒட்டிய விவாதம், மறுபடியும் 4 முதல் 5 நிமிடம். ரோபோக்கள் மனிதர்களின் வேலையைச் செய்யலாமா, வயதானவர்களை இயந்திரம் கவனித்துக்கொள்ளலாமா என்ற வகைக் கேள்விகள் இங்கேதான் வரும்.

மதிப்பெண் நான்கு கூறுகளுக்கு: தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. தொழில்நுட்ப அறிவுக்கு என்று எங்கேயும் மதிப்பெண் கிடையாது. உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்கும் கிடையாது. ரோபோ வேண்டும் என்று பேசினாலும் வேண்டாம் என்று பேசினாலும் ஒன்றுதான்.

அப்படியானால் இந்தத் தலைப்பை ஏன் வைக்கிறார்கள்? ஒரு சாதனத்தைப் பற்றி ஒருவரைப் பேசவிட்டால் அவருடைய இலக்கணம் முழுவதும் தானாக வெளியே வந்துவிடும் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று சொல்ல இறந்தகாலமும் ஒப்பீடும் வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் செயப்பாட்டுவினை இல்லாமல் முடியாது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல நிபந்தனை வாக்கியம். நாளை என்ன வரும் என்று ஊகிக்க எதிர்காலம். பண்டிகையைப் பற்றிக் கேட்டால் 'காலையில் எழுந்தோம், குளித்தோம், கோயிலுக்குப் போனோம்' என்று ஒரே வகை வாக்கியத்தில் இரண்டு நிமிடத்தை ஓட்டிவிடலாம். ஒரு சாதனத்தை வைத்துக்கொண்டு அப்படி ஓட்ட முடியாது.

இதனால்தான் கிரைண்டர் என்கிறேன்.

1950-களில் கோயம்புத்தூரில் பிறந்த இயந்திரம் அது. இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது. 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுத்தபோது அதுவரை ஆட்டுக்கல்லில் அரைத்த பல வீடுகளுக்குள்ளும் வந்துசேர்ந்தது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அது வீட்டுக்கு வந்த நாளைச் சொல்வார்கள். எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எது? அரசு கொடுத்தது, வரிசையில் நின்று அம்மா வாங்கினார், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கடையில் ஐபோன் வாங்கிய கதையில் சொல்ல என்ன இருக்கிறது?

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம். பாத்திரத்தின் அடியில் கருங்கல், மேலே சுழலும் குழவிகள். ஊறிய அரிசி இரண்டுக்கும் நடுவில் நசுக்கப்படுகிறது, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப்படுகிறது. உளுந்து தனியாக அரைக்கப்படுகிறது. இது அத்தனையும் செயப்பாட்டுவினை, வலிந்து நுழைத்தது ஒன்றுகூட இல்லை. அடுத்து மிக்ஸியோடு ஒப்பிடலாம். மிக்ஸியில் பிளேடு வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடாகிறது. கிரைண்டர் மெதுவாக அரைப்பதால் உளுந்து நன்றாகப் பொங்கி வருகிறது, இட்லி மெத்தென்று இருக்கிறது. காரண காரிய வாக்கியங்கள் இங்கே வரிசையாக வந்து விழும். பாதி அரைக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? 2012-இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அப்போது அம்மா மாவரைக்கும் நேரத்தை எப்படி மாற்றிக்கொண்டார்? நிபந்தனை வாக்கியமும் இறந்தகாலமும் கேட்காமலே வரும். பாட்டி ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைத்தது, அவருக்கு வந்த தோள்வலி, அம்மாவுக்கு மிச்சமான அந்த ஒரு மணி நேரம் என்று போனால் 'ஏன் முக்கியம்' என்ற கடைசிக் கேள்விக்கு உண்மையான பதிலும் கிடைத்துவிடும்.

"இதெல்லாம் சொன்னா பட்டிக்காடுன்னு நெனைக்க மாட்டாங்களா மிஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டார்கள். தேர்வாளர் ஒரே நாளில் பலரிடம் ஸ்மார்ட்போனைப் பற்றிக் கேட்டிருப்பார். கிரைண்டரைப் பார்த்தே இராதவராக இருந்தால் இன்னும் நல்லது, உங்களுக்கு விளக்குவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

கிரைண்டரைப் பார்த்திராதவரிடம் அதை விளக்கும் இந்தத் திறமைக்கு மொழித்தேர்வு உலகத்தில் உண்மையாகவே ஓர் இடம் இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். உலகின் பெரும்பாலான ஆங்கிலத் தேர்வுகள் தங்கள் மதிப்பெண்ணை இந்தப் படிகளோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றன. அதில் மூன்றாவது படியான பி1-க்கு உரிய திறன்களில் ஒன்று, பெயர் நினைவுக்கு வராத ஒரு பொருளை அதன் தன்மைகளைச் சொல்லிப் புரியவைப்பது. அங்கேயே ஓர் எடுத்துக்காட்டும் வருகிறது: 'பஸ்' என்ற சொல் வராவிட்டால் 'ஆட்களை ஏற்றும் லாரி' என்று சொல்வது. ஐஇஎல்டிஎஸ்ஸின் சொல்வளக் கூற்றிலும் ஒரு விஷயத்தை வேறு சொற்களால் சொல்லிச் சமாளிக்கும் திறன் பேண்டுக்குப் பேண்டு, அதாவது மதிப்பெண் படிக்குப் படி, ஏறிக்கொண்டே போகிறது. குழவிக்கு ஆங்கிலம் தெரியாது என்று நின்றுவிடுகிற பெண்ணிடம், அது உருண்டையா நீளமா, எதனால் செய்தது, என்ன செய்யும் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்வதற்குத்தான் அங்கே மதிப்பெண்.

கடினமான சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போவது இதற்கு நேர் எதிரான வழி. 'இன் திஸ் மாடர்ன் எரா, டெக்னாலஜி பிளேஸ் எ வைட்டல் ரோல்' என்ற வரியைத் தமிழ்நாட்டில் எந்த ஊரில் பயிற்சிக்குப் போனாலும் கேட்கலாம். அதைத் தொடர்ந்து 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்' வரும். இந்த வரிகளை விற்றுப் பிழைக்கிற பயிற்சி வகுப்புகள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. மாதக்கணக்கில் வேலையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டுப் படிக்கிற ஒரு செவிலியரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர் வாயில் வேறொருவருடைய வாக்கியத்தைத் திணிக்கிறார்கள். மூன்றாம் பகுதியில் தேர்வாளர் நீங்கள் சொன்னதையே பிடித்துக்கொண்டு மேலே கேட்பார். "எந்த விதத்தில்?" என்று ஒரு கேள்வி வந்தாலே போதும், மனப்பாடம் உதிர்ந்துவிடும். அதுவரை தண்ணீர் மாதிரி ஓடிய பேச்சு திடீரென்று திக்கித் திணறும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியும்.

செவிலியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் எழுதினால் பேச்சில் 7 பேண்டு வேண்டும். அவர்கள் எட்டு மணி நேரம் இயந்திரங்களுக்கு நடுவில் வேலை பார்ப்பவர்கள். ஆனால் அட்டையில் 'சாதனம்' என்று வந்ததும் வார்டை மறந்துவிட்டு டிவியைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னிடம் படித்த ஒருவர் டிரிப்ஸை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பைப் பற்றிப் பேசினார். முன்பெல்லாம் டிரிப்ஸ் போட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ண வேண்டும். நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறிவிடும். பம்ப்பில் மணிக்கு இத்தனை மில்லி என்று அமைத்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும், குழாயில் காற்றுக் குமிழி வந்தாலோ அடைப்பு ஏற்பட்டாலோ அலாரம் அடிக்கும். ஆனால் அலாரம் அடித்ததும் ஓடிவர ஓர் ஆள் வேண்டும், இரவுப் பணியில் ஒரே நேரத்தில் மூன்று கட்டிலிலிருந்து அலாரம் வந்தால் எங்கே முதலில் போவது என்று முடிவெடுக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவருக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. ரோபோ செவிலியரின் இடத்தைப் பிடிக்குமா என்ற மூன்றாம் பகுதிக் கேள்விக்கும் அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொன்னார். அது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்காத பதில்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பையன் பம்புசெட்டின் மொபைல் ஸ்டார்ட்டரைப் பற்றிப் பேசினான். மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வரும் என்ற காலத்தில் அவன் அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு பாம்பு பயத்தோடு கிணற்றடிக்குப் போவார். இப்போது வீட்டில் படுத்தபடியே ஒரு போன் அடித்து மோட்டாரைப் போடுகிறார். டீக்கடையில் 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று தமிழில் சொல்லும் சவுண்ட்பாக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் யுபிஐ வந்த பிறகு பிறந்த சாதனம் அது. இரண்டு கையிலும் டம்ளர் பிடித்திருக்கும் டீ மாஸ்டர் போனை எடுத்துப் பார்க்காமலே பணம் வந்ததைத் தெரிந்துகொள்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும், கேள்விகள் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருக்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். 'வீட்டு வேலைக்கு எந்த ரோபோ வாங்க ஆசை?' என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட வீடு இருக்கிறது. கார்ப்பெட் விரித்த, டிஷ்வாஷர் வைத்த, வேலைக்கு ஆள் கிடைக்காத வீடு. 2002-இல் அமெரிக்காவில் வந்த ரூம்பா என்ற, தரையிலுள்ள தூசியை உறிஞ்சும் ரோபோ அந்த வீட்டுக்காகச் செய்யப்பட்டது. சாமுவேல் மெசிக் என்ற அமெரிக்க அளவீட்டு அறிஞர் 1989-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பிரச்சினையைத் தெளிவாகப் பேசுகிறார்: ஒரு தேர்வு எதை அளக்க வந்ததோ அதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிட்டால், அந்த மதிப்பெண்ணை வைத்து நாம் எடுக்கும் முடிவு நியாயமாகாது. ஆங்கிலத்தை அளக்கப் போய் வசதியை அளந்துவிடக் கூடாது. பெரிய தேர்வு நிறுவனங்கள் கேள்விகளை முன்கூட்டிப் பல நாட்டினரிடம் பரிசோதித்துப் பார்க்கின்றன. ஆனால் நம் கல்லூரிகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் கேள்வி தயாரிக்கிறவர்கள் இணையத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். 'உங்கள் ஸ்மார்ட் ஹோமை விவரியுங்கள்' என்று ஒரு விடுதி மாணவியிடம் கேட்டு அவள் விழிப்பதை ஆங்கிலக் குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். இது அநியாயம்.

ஆனாலும் தேர்வு அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கேள்வியை மாற்ற வழியில்லை, பதில்தான் அவர் கையில். ரோபோ வேண்டாம் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி உயரமாக இருக்கும், அந்த ரோபோ ஏற முடியாது, தரையைத் தினமும் தண்ணீர் விட்டுத் துடைப்போம், வாசலில் கோலம் இருக்கும் என்று சொன்ன ஒரு பெண்ணின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ரோபோவைப் பார்த்ததில்லை என்றாலும் தன் வீட்டை அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் பகுதியில் ரோபோக்கள் வேலையைப் பறிக்குமா என்ற கேள்வி வந்தால், நம் பக்கத்திலிருந்து சொல்ல ஒரு வலுவான பதில் இருக்கிறது. அதை எல்லா மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். 2015-இல் கோழிக்கோட்டில் ஒரு பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்கள். கேரளத்து இளம் பொறியாளர்கள் சிலர் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் பின்னர் 'பேண்டிகூட்' என்ற ரோபோவைச் செய்தது. அது 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது, தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்கும் வந்தது. குழிக்குள் கேமராவும் இயந்திரக் கையும் இறங்கும். மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்குவார். இயக்குவதற்கு ஏற்கெனவே குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்தும் சாவுகள் நிற்காத நாடு இது. எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும், அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவருக்கு அப்புறம் என்ன ஏற்பாடு என்ற இரண்டு கேள்வியும் இந்த ஒரே எடுத்துக்காட்டில் இருக்கிறது. இதை எளிய ஆங்கிலத்தில் சொன்னால் போதும். அலங்காரச் சொல் எதுவும் தேவையில்லை.

கணவரோடு சேரப் போகும் பெண்களுக்கு வேறு தேர்வு. 2015-இல் வந்த ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் தேர்வில் ஏ1 நிலைக்கு 16 முதல் 18 நிமிடம். இன்னொரு தேர்வரோடு சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும், முடிவு தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். அங்கே சின்னச் சின்ன வாக்கியம் போதும். குக்கர், கேஸ் அடுப்பு, வீடியோ கால் என்று தினம் தொடுகிற பொருள்களை வைத்தே தயாராகிவிடலாம்.

மைக்கில் பேசினால் பெரும்பாலும் கணினியே மதிப்பிடுகிற தேர்வுகளும் இருக்கின்றன. 2009-இல் வந்த பிடிஇ அகாடமிக் அப்படிப்பட்டது. எதிரில் தலையாட்ட ஆள் இல்லாமல் பேசுவது நம்மவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. எனக்கும் மனிதர் எதிரில் இருக்கும் தேர்வுதான் பிடிக்கும், ஏனென்றால் விளக்கம் என்பதே இன்னொருவருக்காகச் செய்வது. ஆனால் தேர்வாளரின் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள் இயந்திரத்திடம் நிம்மதியாகப் பேசுவதையும் பார்க்கிறேன். அவரவருக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுக்கட்டும்.

கடைசியாக இந்தத் தலைப்பில் தமிழர்களுக்கென்றே வரும் சில பிழைகள். எக்விப்மென்ட், சாஃப்ட்வேர், இன்ஃபர்மேஷன் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பன்மை விகுதி சேர்க்கக் கூடாது, நாம் சேர்த்துவிடுகிறோம். 'ஐ ஹேவ் எ போன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஐ ஆம் ஹேவிங்' வருகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ'யும் (a) 'த'வும் (the) தமிழில் இல்லாததால் சாதனத்தை முதல்முறை சொல்லும்போதும் மறுமுறை சொல்லும்போதும் இரண்டையும் விட்டுவிடுகிறோம், சாதனத் தலைப்பில் இந்தக் குறை வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும். டெக்னாலஜி என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும், டெக்னலாஜிக்கல் என்று நீட்டும்போது மூன்றாவது அசைக்கு நகரும். நாம் எல்லா அசையையும் ஒரே சமமாகச் சொல்கிறோம். தமிழ் வாடை அடிப்பதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, கேட்பவருக்குச் சொல் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிக்குச் செலவு ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு பொருளின் முன்னால் நின்று, அதைப் பார்த்தே இராத ஒருவருக்குச் சொல்வதாக நினைத்து போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். முதல்முறை கேட்கும்போது அந்த ஆளுக்குப் பொருள் புரிந்திருக்குமா என்று மட்டும் பாருங்கள். மறுபடி கேட்கும்போது 'எ'யும் 'த'வும் எங்கே விழுந்தன என்று பாருங்கள். அடுத்த நாள் வேறு பொருளுக்குப் போங்கள்: இன்வெர்ட்டர், தையல் மெஷின், மாமியாரின் பிபி பார்க்கும் கருவி, தண்ணீர் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம்.